மேடையில் லைனை நிறுத்தியவள்

ஒரகடத்தில் காருக்குள் பொருத்தும் டிஸ்ப்ளே திரைகளைச் செய்கிற கம்பெனி ஒன்றில், இரண்டாவது லைனின் கடைசி ஸ்டேஷனில் நிற்பவள் பாண்டிச்செல்வி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், வயது இருபத்தாறு, பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். அந்தப் படிப்புக்கும் இந்த நிற்றலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவளிடம் கேட்கக் கூடாது. பக்கத்து ஸ்டேஷனில் நிற்கிற பேச்சி எம்.ஏ. வரலாறு, அவளிடமும் கேட்கக் கூடாது.

வருகிற திரையை எடுத்து விளக்கின் கீழ் சாய்த்துப் பார்க்க வேண்டும். கீறலோ புள்ளியோ தெரிந்தால் சொல்ல வேண்டும். சொல்வதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். வலது கையை, உள்ளங்கை தெரியத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். எந்த இடம், என்ன குறை, "நிறுத்துங்க" என்று உரக்கச் சொல்ல வேண்டும். லைன் நின்றுவிடும். பிறகு கையில் உள்ளதைக் கீழே வைத்துவிட்டு, சூப்பர்வைசர் வந்து பச்சைப் பொத்தானை அழுத்தும்வரை அசையாமல் நிற்க வேண்டும். நிறுத்தியவளே மறுபடி ஓட விடுவது பெரிய குற்றம்.

பாண்டிச்செல்வி சேர்ந்த புதிதில் ஒரு மயிரிழைக் கீறலைப் பார்த்தும், சின்னதுதானே என்று விட்டுவிட்டாள். மூன்று நாள் வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். இன்னொரு தடவை, சூப்பர்வைசர் வரத் தாமதமாகிறதே என்று தானே பொத்தானை அழுத்திவிட்டு, மொத்த லைனுக்கும் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் அவளைத் திட்டுகிற வேலை யாருக்கும் வைக்கவில்லை. கை தானாக எழும்பும், கால் தானாக நிற்கும். ஒருநாள் மெஸ்ஸில் சாம்பாரில் முடி கிடந்ததைப் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டாள். அன்றைக்கு மெஸ்ஸே சிரித்தது, அவளும் சிரித்தாள்.

லைனில் நிற்காத நேரத்தில் அவள் வேறு ஆள். மண்ணூரில் பேச்சியோடு சேர்ந்து எடுத்திருந்த அறையில், படப்பைக் கடையில் வாங்கிய பழைய லேப்டாப் ஒன்றை வைத்துக்கொண்டு, மூன்று வருஷமாக ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தாள். அதற்கு 'மெதுவாப் போ' என்று பெயர். அதில் சுடுவதில்லை, வெட்டுவதில்லை. நைட் ஷிப்ட் முடித்தவர்களைக் காலையில் அறைகளுக்குக் கொண்டுபோய் விடுகிற கம்பெனி பஸ்ஸை நாம் ஓட்ட வேண்டும். உள்ளே எல்லோரும் தூங்குகிறார்கள். லாரி வரும், மாடு வரும், குழி வரும், பெயின்ட் அடிக்காத வேகத்தடை வரும். யாரையும் எழுப்பாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். யாராவது விழித்துக்கொண்டால் ஒன்றும் திட்ட மாட்டார்கள். டிரைவருக்கு மேலே உள்ள கண்ணாடி வழியே நம்மை ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்தே ஆடுகிறவர்கள் பிரேக்கை மெல்ல மிதிப்பார்கள். நல்ல விளையாட்டு. நான் மேலுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே நல்ல விளையாட்டு.

சென்னையில் உள்ள ஒரு கேம் கம்பெனி, புதிய விளையாட்டுகளை அறிவிக்கிற விழா ஒன்றை நடத்தப்போவதாகச் சொன்னது. நெடுஞ்சாலையோரத்து இன்ஜினியரிங் காலேஜ் ஒன்றின் அரங்கத்தில், ஒரு சனிக்கிழமை. பத்து விளையாட்டுகளைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு ஐந்து நிமிடம் தருவார்கள். அதில் ஒன்றை நடுவர்கள் பொறுக்கி எடுத்து, அதைச் செய்தவருக்கு ஒரு வருஷச் சம்பளம் கொடுத்து, விளையாட்டை முடிக்கச் செய்வார்கள். பாண்டிச்செல்வி மனுப் போட்டாள். பத்தில் ஒருத்தியாக வந்துவிட்டாள். லைனை விட்டு வெளியே வர அவளுக்குத் தெரிந்த கதவு இது ஒன்றுதான். நாலு வருஷத்தில் வேறொன்று திறக்கவில்லை.

விழாவை நடத்துகிற கம்பெனியிலிருந்து எழிலரசி என்கிற பெண் போன் செய்தாள். குரலிலேயே ஏசி இருந்தது.

"பாண்டிச்செல்வி, ரெண்டு வழி இருக்கு. நீங்களே மேடைல ஏறி நேர்ல ஆடிக் காட்டலாம். இல்லன்னா முன்னாடியே ரெக்கார்ட் பண்ணி வீடியோவா அனுப்பிடலாம், நாங்க போட்டுடுவோம். பத்துல எட்டு பேர் வீடியோதான் தர்றாங்க. அதான் சேஃப். நேர்ல ஆடும்போது ஹேங் ஆயிடுச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது."

"யோசிச்சுச் சொல்லுதேன் மேடம்."

யோசிப்பதற்கு என்ன இருக்கிறது என்றுதான் பேச்சி கேட்டாள்.

"ஏட்டி, வீடியோவ அனுப்பிட்டு இங்ஙனயே கெடப்பியா, அங்க போயி முழிச்சிக்கிட்டு நிப்பியா? நல்லா வந்தத மட்டும் வெட்டி ஒட்டி அனுப்பு. எவனுக்குத் தெரியும்?"

"லேப்டாப்பு தாங்காதுட்டி. கேமும் ஓடணும், ரெக்கார்டும் ஓடணும்னா தெணறுது. பஸ்ஸு விக்கி விக்கிப் போவுது."

இது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. வேறொரு லேப்டாப் இரவல் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் தன் கம்பெனியைப் பார்க்க வருகிற நாளில் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். மக்கர் செய்கிற மெஷினைத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். கை வேகமான பெண்களை மட்டும் முன்னால் நிறுத்துவார்கள். வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போனதும் தார்ப்பாயை எடுப்பார்கள். கேம் அறிவிப்பு வீடியோக்களை அவள் கம்பெனி பஸ்ஸில் போனில் நிறையப் பார்த்திருக்கிறாள். அத்தனையும் தார்ப்பாய் போட்ட நாளாகவே அவளுக்குத் தெரிந்தன. வீடியோவில் வந்ததற்கும், இரண்டு வருஷம் கழித்துக் கைக்கு வந்ததற்கும் முகச்சாயல்கூட இருக்காது. தன்னுடையது அப்படி இல்லை என்று காட்ட வேண்டும் என்ற வீம்பு அவளுக்கு இருந்தது. அதோடு, ஒரு பயணி விழித்துக்கொண்டு பார்க்கும்போது ஜனங்களின் முகம் எப்படிப் போகிறது என்று கண்ணால் பார்க்க ஆசை. மூன்று வருஷத்தில் அந்த விளையாட்டைப் பேச்சி ஒருத்தியைத் தவிர யாரும் அவள் கண்முன்னால் பார்த்ததில்லையே.

நேரில் ஆடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். லைன் சூப்பர்வைசர் ரகுவிடம் காய்ச்சல் என்று சொல்லி லீவு எடுத்தாள். மாசக் கடைசி, சரக்கு போகிற வாரம். பொய் தெரிந்தால் காண்ட்ராக்ட் அதோடு சரி. தெரிந்துதான் எடுத்தாள்.

அந்தச் சனிக்கிழமை அரங்கத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். அவளுக்கு முன்னால் மணிகண்டபிரபு என்கிற இளைஞனின் விளையாட்டை அறிவித்தார்கள். விளக்கெல்லாம் அணைந்தது, பறை முழங்கியது, திரையில் ஒரு கோட்டை எரிந்தது, யானைகள் ஓடின, ஒருவன் வானத்திலிருந்து குதித்தான். வீடியோ முடிந்ததும் விசில் பறந்தது. மணிகண்டபிரபு மேடையேறிக் கும்பிட்டுவிட்டு, "வேலை இனிமேதாங்க ஆரம்பிக்கணும்" என்று பணிவாகச் சொன்னான். பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைத்துக் காதும் குத்திவிட்டார்கள். அதற்கும் ஒரு கைதட்டல் கிடைத்தது.

அடுத்து பாண்டிச்செல்வி. பேச்சியின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு போயிருந்தாள். மைக்கைச் சட்டையில் மாட்டிவிட்டார்கள். மேடைக்கு எதிரே தரையில் ஒரு கடிகாரம் ஐந்திலிருந்து இறங்கத் தொடங்கியது. முதல் அரை நிமிடம் மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்தாள். பஸ் நகர்ந்ததும் ஒப்பிப்பதை விட்டுவிட்டாள். பின்னால் பெரிய திரையில் ஒரகடம் ரோடு விரிந்தது. ஒரு லாரி குறுக்கே வந்தது, மெல்ல ஒதுங்கினாள். வேகத்தடையில் பஸ் ஏறி இறங்கியபோது ஒரு பெரியவர் கண் விழித்துக் கண்ணாடியில் பார்த்தார். அரங்கம் முழுக்க "ஐயோ" என்று முனகிச் சிரித்தது. முன்வரிசையில் ஒரு நடுவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். பாண்டிச்செல்வி அதையெல்லாம் பார்த்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான இரண்டு நிமிடம் அதற்கு முன்னால் இல்லை, பின்னால் வரப்போவதும் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்போது ஒரு மாடு. பிரேக் போட்டாள். மூன்றாவது சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அம்மாளின் தலை ஜன்னலில் சாய்ந்தது. சாய்ந்த தலை ஜன்னல் கண்ணாடியோடு நிற்காமல், அதை ஊடுருவிக்கொண்டு வெளியே ஒரு விரற்கடை வந்துவிட்டது. முந்நூறு பேரில் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை. எல்லோரும் மாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படியே ஓட்டிக்கொண்டு போயிருந்தால் அடுத்த திருப்பத்தில் தலை உள்ளே வந்திருக்கும்.

பாண்டிச்செல்வியின் வலது கை தலைக்கு மேலே போயிற்று, உள்ளங்கை வெளியே தெரிய.

"மூணாவது சீட்டு. தல கண்ணாடிக்கு வெளிய வருது. நிறுத்துங்க."

உரக்கச் சொன்னாள். மைக் வேறு. பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்த ஆடுகருவியைக் கீழே வைத்தாள். நேராக நின்றாள்.

திரையில் பஸ் யாரும் ஓட்டாமல் போய் மெதுவாகப் புளியமரத்தில் இடித்தது. பயணிகள் அத்தனை பேரும் விழித்து அவளைப் பார்த்தார்கள். அரங்கமும் பார்த்தது. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துச் சிலர் காத்திருந்தார்கள். கடிகாரம் இரண்டு நிமிடம் நாற்பது நொடி என்று காட்டியது. கருவியை எடுத்து மறுபடி ஆட அது தாராளமான நேரம். அவள் எடுக்கவில்லை. நிறுத்தியவள் ஓட விடக் கூடாதே. பொத்தானை அழுத்துகிறவர் வர வேண்டும் என்று உடம்பு நின்றுகொண்டிருந்தது. தான் எங்கே நிற்கிறோம் என்று மனசுக்குத் தெரிந்துவிட்டது. கையையும் காலையும் அசைக்கத்தான் அதற்கு வழி தெரியவில்லை. ஒரு நிமிடம் போயிற்று. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

எழிலரசி மேடைக்கு ஓடிவந்து காதருகே கேட்டாள்.

"என்ன ஆச்சு? ஹேங் ஆயிடுச்சா?"

"இல்ல மேடம். டிஃபெக்ட்டு."

"பரவால்ல, ஆடுங்க. டைம் இருக்கு."

யாரோ ஒருவர் வந்து சொன்னபிறகுதான் அவளால் குனிய முடிந்தது. விளையாட்டு முதலிலிருந்து தொடங்கியது. பஸ் முதல் நிறுத்தத்தைத் தாண்டுவதற்குள் கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. கை தட்டினார்கள். அது இரக்கத்தில் தட்டிய கை, கேட்டாலே தெரியும்.

அந்த ஒரு வருஷச் சம்பளத்தை மணிகண்டபிரபுவுக்குக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் முதல் எல்லாமே வீடியோதான், மேடை வேண்டாம் என்று எழிலரசியின் கம்பெனி முடிவு செய்ததாகவும் சொன்னார்கள். பேச்சியின் சுடிதாரைத் துவைத்து மடித்துக் கொடுத்துவிட்டு, பாண்டிச்செல்வி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

விழாவை நெட்டில் போட்டிருந்தார்கள். அதில் அவள் கையைத் தூக்குகிற இடத்தை மட்டும் எவனோ வெட்டி எடுத்துச் சுற்ற விட்டான். பத்தாம் நாள் ரகு அவளை லைனிலிருந்து கூப்பிட்டார். மண்ணூர்க்காரர், கோபம் வந்தாலும் சிரிப்பு வந்தாலும் ஒரே முகம்.

"இன்னாம்மா, ஜுரம்னு சொல்லிட்டு ஸ்டேஜ்ல நின்னுகினு கீற? எச்.ஆர். ரூமுக்கு வா."

வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு நடந்தாள். நினைத்தபோது பயம் வரவில்லை என்பது அவளுக்கே வியப்பாக இருந்தது. போகட்டும் என்றுகூட இருந்தது. துரத்திவிட்டால் வேறு ஏதாவது தேடித்தானே ஆக வேண்டும்.

எச்.ஆர். மேனேஜர் வனமாமலை அவளை உட்காரச் சொன்னார். காபி வரவழைத்தார். சுவரில் இருந்த டிவியில் அந்த வீடியோ நின்றுகொண்டிருந்தது.

"எந்த ஊரும்மா?"

"சங்கரன்கோயில் பக்கம் சார்."

"நம்ம பக்கம்தான. லீவு விஷயத்த விட்டுருவோம். இதப் பாத்துட்டு மேலிடத்துல ரொம்ப சந்தோஷப்பட்டுட்டாங்க. தன் சொந்த விஷயத்துலகூட குறையப் பாத்தா நிறுத்துதா பாரு, இதான் நம்ம கலாசாரம்னு. புதுசா வாற எல்லா பேட்ச்சுக்கும் ட்ரெய்னிங்ல போடப் போறோம். உன் காண்ட்ராக்ட்டும் நீட்டியாச்சு."

"சார், அந்த வீடியோ வேண்டாம் சார்."

"ஏம்மா? நல்ல விஷயம்தான?"

அவள் காபியைக் குடித்துவிட்டு வெளியே வந்தாள்.

பதினெட்டு நொடி வீடியோ. விளையாட்டு தெரிந்தால் புதியவர்கள் கவனம் சிதறும் என்று பின்திரையை மங்கலாக்கிவிட்டார்கள். மங்கலில் ஏதோ ஒரு மஞ்சள் அசைகிறது. அதுதான் பஸ் என்று அவளுக்கு மட்டும் தெரியும். திங்கள்கிழமைதோறும் காலையில் பயிற்சி அறையில் அது ஓடும். அறை அவள் ஸ்டேஷனுக்குப் பக்கம். கதவு சரியாகச் சாத்தாது. 'நிறுத்துங்க' என்று தன் குரலைக் கேட்டபடி அவள் அடுத்த திரையை எடுப்பாள். மண்ணூர் அறையில் லேப்டாப் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அந்தத் தலையை உள்ளே இழுக்க ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும், ஐந்து நிமிட வேலை. அவள் அதைத் திறக்கவில்லை.

ஒரு திங்கள்கிழமை காவேரி என்கிற பெண்ணைப் புதிதாக அவள் ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், வல்லக்கோட்டைக்காரி, ரொம்பப் பேசுகிறவள். வந்ததும் பாண்டிச்செல்வியை உற்றுப் பார்த்தாள்.

"நீதான அந்த வீடியோல கீற? கைய தூக்கிக்கினு?"

"ஆமாக்கா."

"அதுல பின்னால இன்னா ஓடுது? எல்லாரும் இன்னாத்த பாக்குறாங்க? எனக்கு ஒண்ணுமே புரியல."

பாண்டிச்செல்வி கையிலிருந்த திரையை விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தாள். குறை எதுவும் இல்லை.

"ஒண்ணும் ஓடலக்கா. ட்ரெய்னிங்குக்காகச் சும்மா நிக்க வச்சு எடுத்தது" என்று சொல்லிவிட்டு, அடுத்ததை எடுத்தாள்.