ஏழு நிமிடம் முந்திய மணிக்கூண்டு

எங்கள் கடைவீதி மணிக்கூண்டின் வரலாறு மூன்று காலங்களைக் கொண்டது: ஓடாத காலம், பிந்திய காலம், முந்திய காலம். மூன்றாவதுதான் பொற்காலம். கடை ஆட்கள் நேரத்தோடு வரட்டுமென்று வியாபாரிகள் சங்கம் கடிகாரத்தை ஏழு நிமிடம் முன்னே தள்ளி வைத்தது. ஒரே வாரத்தில் ஊர் அதைக் கண்டுபிடித்து, மனதுக்குள் ஏழு நிமிடம் கழிக்கப் பழகிக்கொண்டது. ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் ஓடியபடியே கழித்தார்கள்.

பதினோரு வருடம் சாவி கொடுத்தவர் பாலக்கரை அப்துல் அஹத். வாரம் இரண்டு தடவை அறுபத்தெட்டுப் படி ஏறுவார். ஏழு நிமிடம் ஆறாகிவிடாமல் காப்பது அவர் பொறுப்பு. உண்மையாக உழைத்துப் பொய்யைப் பராமரித்த மனிதர்.

கூண்டுக்குக் கீழே பூக்கடை வைத்திருக்கும் லால்குடி அழகிரி, தினமும் அவரோடு டீ குடிப்பவர், தினமும் சீண்டுபவர்.

"என்ன பாய், உங்க கடிகாரம் இன்னிக்கும் பொய்தானா?"

"சங்கத்து உத்தரவுங்க. நான் என்ன பண்றது?"

"சரி பண்ணுங்க பாய். ஊரே கையெடுத்துக் கும்பிடும். சங்கத்துல நான் பேசிக்கிறேன்."

அஹத் அந்த வார்த்தையை நம்பினார். போன மாதம் ஒரு திங்கட்கிழமை மத்தியானம், பிஸ்மி சொல்லிப் படியேறி, முள்ளைச் சரியான நேரத்துக்குத் திருப்பினார். பொழுது சாய்வதற்குள் விபரீதம் விளைந்தது. ஊர் வழக்கப்படி ஏழு நிமிடம் கழித்தது. சாயங்கால லால்குடி ரயில், பாதிக் கடைவீதியை விட்டுவிட்டுப் போய்விட்டது. பிளாட்பாரத்தில் காலிப் பூக்கூடையோடு நின்றவர்களில் அழகிரியும் ஒருவர்.

மறுநாள் சங்கத்தில் மனு வந்தது. குற்றம்: யாருக்கும் சொல்லாமல் சரியான நேரம் காட்டியது.

தலைவர் காஜா மைதீன் வருத்தத்தோடு சொன்னார்: "இத்தன பேர ஏமாத்திட்டீங்களே, அஹத் பாய்! கூண்டுச் சாவியக் குடுத்துடுங்க."

மனுவில் முதல் கையெழுத்து அழகிரியுடையது. அஹத் அவரைப் பார்த்தார்.

"நீங்கதானே சரி பண்ணச் சொன்னீங்க?"

"சொன்னேன் பாய். நெசமாவே பண்ணுவீங்கன்னு யாரு கண்டா?"

அஹத் சாவியை மேசையில் வைத்தார். பதினோரு வருட சேவைக்காகப் பொன்னாடை போர்த்தினார்கள். புது ஆள் ஏறி ஏழு நிமிடத்தைத் திரும்பக் கொண்டுவந்தார், கீழே கைதட்டினார்கள்.

அஹத் இப்போதும் அந்த வழியாகத்தான் பள்ளிவாசலுக்குப் போகிறார். முந்தாநாள் அழகிரி டீயை நீட்டி, பழைய உரிமையில் கேட்டார்: "கரெக்டா மணி என்ன பாய்?"

அஹத் கைக்கடிகாரத்தை நிதானமாகப் பார்த்தார். சட்டைக்கையை அதன்மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தெரியலிங்க," என்று சொல்லிவிட்டு நடந்தார். டீ அழகிரி கையிலேயே இருந்தது.