அக்கா சொன்ன வரி

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவன் வேலை. பக்கத்தில் போனில் எப்போதும் பாட்டு ஓடும். சினிமாப் பாட்டு அல்ல. சொந்த அறையில் கிட்டாரோடு பாடி, தாங்களே இணையத்தில் ஏற்றுகிற ஆட்களின் பாட்டு. வெள்ளிக்கிழமைதோறும் புதிதாக வந்தவற்றை அலசுவான். பத்தில் ஒன்பது குப்பை.

"இதுக்கு உன் மெஷின் சத்தமே தேவலைப்பா" என்பார் கடைக்காரர்.

மிஞ்சுகிற ஒன்றை நண்பர்கள் இருபது பேருக்கு அனுப்பினால்தான் அவனுக்குச் சாப்பாடு இறங்கும்.

ஒரு தடவை, கேள்விப்படாத ஒரு குழுவின் பாட்டு சிக்கியது. டிரம்ஸ் சட்டென்று நின்று, குரல் மட்டும் வந்தது: "தொட்டிலைத் திருப்பிக் குடுத்துடு, அளவு சரியில்லைன்னு சொல்லிடு." உடம்பு சிலிர்த்தது. உடனே இருபது பேருக்கும் அனுப்பிவிட்டு, ஒரு வாரம் அதையே முணுமுணுத்துக்கொண்டு திரிந்தான்.

அக்கா வீட்டுக்குப் போனபோது சமையலறையிலேயே அதைப் போட்டுக் காட்டினான். அந்த வரி வந்ததும் அக்கா அடுப்பை அணைத்தாள்.

"இது நான் சொன்னதுடா. ஆஸ்பத்திரியிலேர்ந்து வரும்போது, கார்ல, மாமாகிட்ட."

இரண்டு வருடம் முன்பு, குழந்தை வயிற்றிலேயே இறந்துபோன சமயம். அன்றைக்குக் கார் ஓட்டியவன் மாமாவின் சினேகிதன். கிட்டார் வாசிப்பான் என்பது தெரியும். குழு வைத்திருப்பது யாருக்கும் தெரியாது. அந்த வரியை ஒரு வாரம் சப்புக்கொட்டியதை நினைத்து அவனுக்குத் தன் வாயே நாறியது.

மறுநாளே அந்தச் சினேகிதன் வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்தவன் முகமெல்லாம் பல்.

"உங்கக்கா கேட்டாங்களா? அழுதாங்களா?"

"அந்தப் பாட்டை நெட்லேர்ந்து எடுத்துடுங்க."

"பேரு எதுவும் போடலையே தம்பி. ஆறு பாட்டு போட்டேன், இது ஒண்ணைத்தான் ஜனங்க கேக்குறாங்க. எடுன்னா எப்படி?"

"அவ அழுறா, நீ காதைத் தீட்டிக்கிட்டு வண்டி ஓட்டினியா?"

"நல்லா சொன்னே" என்று மெல்ல முனகினான் அவன், அதையும் எடுத்து வைத்துக்கொள்கிறவன்போல. அவன்மேல் கை வைக்கவும் கூசியது. இவன் திரும்பிவிட்டான்.

பாட்டை அழித்துவிடும்படி இருபது பேருக்கும் எழுதினான். என்ன விஷயமென்று பார்க்க அவர்கள் இன்னொரு தரம் கேட்டார்கள். அது இன்னும் இணையத்தில்தான் கிடக்கிறது. மாமா அந்தச் சினேகிதத்தை வெட்டிவிட்டார்.

அக்கா ஒரே ஒரு தரம் சொன்னாள்: "நல்லாத்தான் பாடியிருக்கான். அதுதான்டா குமட்டுது."

இப்போதும் அவன் புதுப் பாட்டுகள் கேட்கிறான். ஏதாவது ஒரு வரி நெஞ்சைத் தொட்டுவிட்டால், யார் வீட்டிலிருந்து எடுத்தானோ என்று உடனே நிறுத்திவிடுகிறான்.