சக்கர ஷூ பசங்களும் எட்டாவது சிடியும்

சிடி வாடகைக் கடை வைத்திருப்பவளுக்குப் படம் பார்க்க நேரமே இருக்காது, ஆனால் உலகத்தில் எடுத்த அத்தனை படத்துக்கும் அவள்தான் ஜவாப் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் கிடந்து நொந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாட்டு எத்தனை, சண்டை உண்டா, அழுவாச்சியா, குடும்பத்தோட பாக்கலாமா என்று நாள் முழுக்கக் கேட்பார்கள். படம் குப்பையாக இருந்தால் எடுத்தவனை விட்டுவிட்டு, எடுத்துக் கொடுத்த நம்மைத் திட்டுவார்கள். நீங்களும் திட்டு வாங்கியிருப்பீர்கள்.

பட்டுக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் என் கடை. வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருந்தார். அவர் அனுப்பிய டிவியையும் பிளேயரையும் வைத்து வீட்டு முன்னறையில்தான் ஆரம்பித்தேன். தெருவுக்கு நாலு பேர் துபாய், சிங்கப்பூர் என்று கிளம்பிப் போன காலம். ஆள் இல்லாத வீட்டிலெல்லாம் ஒரு சிடி பிளேயர் இருந்தது. வியாபாரத்துக்கு என்ன குறை?

நடுவில் ஒரு கோடு

வாய் வலித்துப் போய் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு சிடி அட்டைக்குப் பின்னாலும் வெள்ளைத்தாள் ஒட்டி, ஸ்கேல் வைத்து நடுவில் ஒரு கோடு கிழித்தேன். இடது பக்கம் பலம், வலது பக்கம் பலவீனம். திருப்பிக் கொடுக்கிறவர்கள் சொல்வதை எழுதிவைப்பேன். கை துறுதுறுத்தவர்கள் பேனாவைப் பிடுங்கித் தாங்களே எழுதினார்கள். ஒரு மாதத்தில் ஊருக்கே பழகிவிட்டது. வந்தவுடன் அட்டையைத் திருப்பித்தான் பார்ப்பார்கள், படத்தின் பேரைக்கூடக் கேட்க மாட்டார்கள்.

மலேசியாவிலிருந்து வந்த ஒருவர் விற்றுவிட்டுப் போன பெட்டியில் ஒரு ஜப்பான் பொம்மைத் தொடர் கிடைத்தது. எட்டு சிடி, பேச்சு இங்கிலீஷ். ஸ்கூல் படிக்கிற நாலு பையன்களும் ஒரு பெண்ணும் சக்கரம் வைத்த ஷூவை மாட்டிக்கொண்டு மாடிக்கு மாடி தாவுவார்கள். வேறு கும்பல்களோடு அடித்துக்கொள்வார்கள். நடுநடுவே கிறுக்குத்தனம் பண்ணிச் சிரிக்க வைப்பார்கள். கடைசியில் மலை உச்சியிலிருந்து துறைமுகம் வரைக்கும் ஒரு பந்தயம். பேர் என் வாயில் நுழையவில்லை. அட்டையில் 'சக்கர ஷூ பசங்க' என்று எழுதிவிட்டேன்.

கொப்பரை வியாபாரி சாமிநாதன்தான் முதலில் எடுத்துப் போனவர். பொம்மைப் படம்தானே என்று நடுக்கூடத்தில் சம்பந்தி வீட்டாரோடு உட்கார்ந்து போட்டிருக்கிறார். மறுநாள் நான் கடை திறப்பதற்கு முன்னால் வந்து நின்றார். ஓட்டம் பிரமாதம், கண்ணை எடுக்க முடியவில்லை என்று இடது பக்கம் எழுதச் சொன்னார். வலது பக்கத்துக்கு வந்தபோது குரல் இறங்கிவிட்டது. "ஏம்மா, அந்தப் பொண்ணுக்கு இன்னும் ரெண்டு இஞ்ச் துணி சேத்து வரைஞ்சா அவனுக்கு மை தீந்து போயிருமா?"

உங்க கடை, உங்க பேனா

பக்கத்துக் கடைத் தையல்காரர் ஹமீது பாய் எட்டையும் முழுசாகப் பார்த்தார். பொய் சொல்ல வராத மனிதர். சட்டை உங்களுக்கு எடுப்பாக இல்லை என்று வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே சொல்லி வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்வார். அவர் சொன்ன பலம்: நாலு பையன்களும் ஒருத்தனை ஒருத்தன் விட்டுக்கொடுப்பதில்லை, வானத்தை வரைந்திருக்கிற விதமே தனி. பலவீனம்: சிடிக்கு ஒரு புதுக் கும்பல் வருகிறது, எவன் எவன் என்று மண்டை குழம்புகிறது, உயிர் போகிற சண்டையில் ஒருத்தன் மூக்கில் நூடுல்ஸ் தொங்குகிறது, சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

"அப்பறம் முக்கியமானத எழுதுங்க. முடிவு இல்ல" என்றார்.  எட்டாவதைப் போட்டுப் பார்த்தேன். பந்தயத்தின் கடைசி வளைவில் கதாநாயகன் பாலத்திலிருந்து எகிறுகிறான், அந்தரத்தில் நிற்கிறான், அவ்வளவுதான், எழுத்துப் போட்டுவிட்டான். சென்னையில் சிடி சப்ளை பண்ணுகிறவருக்கு போன் போட்டேன். அந்தக் கம்பெனியே பாதியில் நிறுத்திவிட்டதாம், இதற்கு மேல் எங்கேயும் கிடையாதாம். எழுதப் பேனாவை எடுத்தேன். முடிவில்லாத கதையை எவன் வாடகைக்கு எடுப்பான்? மூடி வைத்துவிட்டேன். பாய் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். "சரி. உங்க கடை, உங்க பேனா."

முட்டி மடங்கினால் ஒரு சிடி

இரண்டு தெரு தள்ளி வசந்தா என்று ஒரு பெண். அவள் புருஷன் ரவி சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தான். மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து வலது தொடையும் முட்டியும் நொறுங்கிவிட்டது. அங்கேயே கம்பி வைத்துத் தைத்து, ஏஜெண்ட் விமானம் ஏற்றிவிட்டான். ஊரில் போய் உடம்பைத் தேற்று, திருப்பிக் கூப்பிடுகிறோம் என்றானாம். தஞ்சாவூர் டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார்: இந்த நாலு மாசத்துக்குள் தினம் காலையும் சாயங்காலமும் முட்டியை மடக்கி மடக்கிப் பழக வேண்டும். விட்டால் கால் கம்பு மாதிரி இறுகிவிடும், அப்புறம் சாரமும் ஏற முடியாது, வயலில் குனிந்து நிற்கவும் முடியாது.

மடக்கினால் உயிர் போகிற வலி. ரவி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவன்தான், டாக்டர் சொன்ன எதையும் செய்யவில்லை. வீட்டில் சும்மா ஓடட்டும் என்று வசந்தா எடுத்துப் போன முதல் சிடியைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். விழுந்ததிலிருந்து ஏழு மாசத்தில் முதல் சிரிப்பு. அடுத்தது வேண்டும் என்றானாம். ஒரு வாரம் ஒழுங்காக முட்டியை மடக்கினால்தான் அடுத்தது என்று இவள் பேரம் பேசியிருக்கிறாள். அவனும் ஒத்துக்கொண்டான்.

கடைக்கு வந்து அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். முடிவு நல்லாயிருக்குமாக்கா என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நல்லாத்தான் இருக்கும் என்றேன். நாக்கு கூசவில்லை, அதுதான் ஆச்சரியம். "அப்ப மொத்தமாக் குடுத்துடாதீங்கக்கா. அவரு கால மடக்குனாருன்னு நான் வந்து சொன்னாத்தான் ஒவ்வொண்ணாக் குடுக்கணும்."

விழுகிற நேரம்

மூன்றாவது சிடி நடுவில் சிக்குகிறது என்று வசந்தா ஆள் சொல்லி அனுப்பினாள். துடைக்கிற துணியோடு நானே போனேன். ரவி இரும்புக் கட்டிலில் உட்கார்ந்து, பாதத்தில் துண்டை மாட்டி இரண்டு கையாலும் காலை இழுத்துக்கொண்டிருந்தான். நெற்றியெல்லாம் வியர்வை. சிடியைத் துடைத்துப் போட்டுவிட்டு, எப்படியிருக்கு கதை, அட்டையில் எழுதணுமே என்றேன்.

யோசித்துத்தான் பேசினான். எத்தனை தடவை விழுந்தாலும் திரும்ப ஷூவை மாட்டுகிறான் பாருங்க, அதுக்காகவே பாக்கலாம் என்றான். அதை இடது பக்கம் எழுதிக்கொள்கிறேன் என்றேன். வலது பக்கத்துக்கு என்ன என்று கேட்டிருக்கக் கூடாது. துண்டைக் கீழே விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தான். "விழுறப்ப மூணு நிமிஷம் வசனம் பேசுறான்க்கா. எனக்கு அம்மான்னு சொல்லக்கூட நேரம் இல்ல."

நடந்து வந்து வாங்குகிறேன்

வாரத்துக்கு ஒன்றாகப் போனது. நாலாவது சிடியில் கட்டிலை விட்டு இறங்கினான். ஐந்தாவதில் கம்பைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தான். ஆறாவது வாங்க வந்தபோது வசந்தா பூ வைத்திருந்தாள், முட்டி பாதிக்கு மேல் மடங்குகிறதாம். ஏழாவதை வாங்கும்போது சொன்னாள், எட்டாவதைத் தானே நடந்து வந்து வாங்குவதாக அவர் சொல்லிவிட்டாராம்.

பாயிடம் போய்ச் சொன்னேன். முடிவு இல்லை என்று அவனிடம் இப்பவே சொல்லிவிடுங்கள் என்றார். சொன்னால் அவன் நடந்து வர மாட்டானே, முதலில் நடக்கட்டும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அன்பு என்று நினைத்துத்தான் சொன்னேன். இப்போது யோசித்தால், மாட்டிக்கொள்ளும் பயம்தான் அதில் பாதி.

ஒரு காலை பத்து மணிக்கு வந்தான். இரண்டு தெருவை நடக்க முக்கால் மணி நேரம். வசந்தா பின்னாலேயே வந்தாள், ஆனால் அவன் கையைப் பிடிக்கவில்லை. படி ஏறி, ஸ்டூலில் உட்கார்ந்து, எல்லாரையும் போல முட்டியை மடக்கி வைத்துக் காட்டினான். பாய் மெஷினை நிறுத்திவிட்டு வந்து தோளைத் தட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிடியைக் கையில் கொடுத்தபோது, வாயைத் திறக்கலாமா என்று ஒரு கணம் தவித்தேன். அவன் முந்திக்கொண்டான். "ஜெயிச்சானா தோத்தானான்னு மட்டும் சொல்லிடாதீங்கக்கா."

ஞாயிற்றுக்கிழமை

மறுநாளே வசந்தா வந்தாள். சிடி பாதியில் நின்றுவிடுகிறது, மீதி இருக்கும்ல என்றாள். உண்மையைச் சொல்வதற்கு எனக்குக் கிடைத்த கடைசி வாய்ப்பு அது. மெட்ராஸில் சொல்லியிருக்கிறேன், ஒன்பதாவது வரும் என்றேன். அடுத்த வாரமும் வரும் என்றேன். அவன் நம்பி, வலியோடு தினம் மடக்கிக்கொண்டிருந்தான். டாக்டர் கொடுத்த கெடுவில் இன்னும் ஒரு மாசம் இருந்தது.

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை அவனே கம்போடு கிளம்பி வந்திருக்கிறான். நான் கடையைச் சாத்திவிட்டுப் பூசைக்குப் போயிருந்தேன். பக்கத்தில் பாய் கடைதான் திறந்திருந்தது. ஒன்பதாவது வந்துவிட்டதா என்று அவரைக் கேட்டிருக்கிறான். அவர் என்ன செய்வார்? அப்படி ஒன்று கிடையவே கிடையாது தம்பி என்று உள்ளதைச் சொல்லிவிட்டார்.

நாலு நாள் கழித்து வசந்தா வந்தாள். அன்றிலிருந்து அவன் காலைத் தொடவே இல்லையாம். அவளுக்கும் முன்னாலேயே தெரியும், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஏமாற்றினோம் என்று நினைக்கிறானாம், நீங்க வந்து சொல்லுங்கக்கா என்றாள். போனேன். அவளுக்குத் தெரியாது ரவி, எல்லாம் என் தப்பு, கோபத்தை என்மேல் வை, காலை விட்டுவிடாதே என்று கட்டில் பக்கத்தில் நின்று கெஞ்சினேன். சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தான். கோபமெல்லாம் இல்லை. ரொம்ப சாதாரணமாகச் சொன்னான். "ஏஜெண்டும் வரும் வரும்னுதான்க்கா சொன்னான். இப்ப போனையே எடுக்குறதில்ல."

அட்டை

கெடு முடிந்தது. வசந்தா அழுது அரற்றி அவனைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போனாள். முட்டி இறுகிவிட்டது, இனிமேல் பழக்கிப் பிரயோசனமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலை நீட்டியபடிதான் இனி உட்கார வேண்டும், படுக்க வேண்டும். பஸ்ஸில் வரும்போது அந்தக் கால் வழியில் நீட்டிக்கொண்டிருந்து, போகிறவர் வருகிறவர் எல்லாம் இடித்துக்கொண்டே வந்தார்களாம். வசந்தா கயிற்று ஆலையில் நார் பிரிக்கிற வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

வேலைக்குப் போகிற வழியில் ஒரு நாள் கடைக்குள் வந்து, அந்த எட்டாவது சிடியை மேஜைமேல் வைத்துவிட்டு அப்படியே இறங்கிப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கை பழக்கத்தில் அட்டையைத் திருப்பினேன். கோட்டுக்கு இரண்டு பக்கமும் ரவி எழுதியிருந்தான், நல்ல குண்டு கையெழுத்து. பலம் பக்கத்தில், "எட்டு வாரம் நடக்க வச்சுது." பலவீனம் பக்கத்தில், "முடிவு இல்லைன்னு அக்காவுக்கு முதல்லயே தெரியும்."

ஊரில் உள்ள அத்தனை படத்தையும் இரண்டாகப் பிரித்து எடைபோடக் கோடு கிழித்தவள், ஒரே ஒரு வரியை எழுதாமல் விட்டதற்கு இன்னும் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறேன்.