கழுத்தளவுத் தண்ணீர்

எந்த வீட்டில் வெள்ளம் எவ்வளவு ஏறும் என்று கணக்கெடுத்து, மாவட்ட வரைபடத்தில் வண்ணம் தீட்டுவது அவர் வேலை. ஜனங்கள் வைத்த பெயர் டேப்புக்காரர். முப்பத்து மூன்று வருடத்துக்கு முந்தைய பெருவெள்ளத்தைப் பற்றி எந்த அலுவலகத்திலும் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. ஆகவே வீடு வீடாகப் போய், "அன்னைக்குத் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்பார். அவர்கள் முழங்காலையோ இடுப்பையோ தொட்டுக் காட்டுவார்கள். தரையிலிருந்து அந்தக் கை வரைக்கும் டேப்பைப் பிடிப்பார். ஒரு மீட்டரைத் தாண்டினால் சிவப்பு, அதற்குக் கீழே மஞ்சள். சிவப்பில் புதிதாக ஒரு செங்கல் வைக்க முடியாது.

அக்கா வீட்டுக்கு மட்டும் அவர் யாரையும் கேட்கவில்லை. பிறந்து வளர்ந்த வீடாயிற்றே! தன் கழுத்தையே தொட்டு, தானே அளந்து, சிவப்பு போட்டுவிட்டார். அக்காவோ பின்பக்கம் தையல் அறை கட்டச் செங்கல் இறக்கி வைத்திருந்தாள். விஷயம் தெரிந்த நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம், பஸ்ஸில் கண்ணயர்ந்தபோது அந்த வெள்ளம் வந்தது. சத்தமே இல்லாத பழுப்புத் தண்ணீர். ஒரு செருப்பு தன்பாட்டுக்கு வாசலைத் தாண்டிப் போகிறது. அக்காவின் முகம் அவர் முகத்துக்கு நேரெதிரே, சிரித்தபடி. அவளைத் தொடக் கையை நீட்டுகிறார். குட்டிக் கை!

தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கு அவருக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினெட்டு. ஆறு வயதுக் கழுத்தை முப்பத்தொன்பது வயதுக் கழுத்தில் அளந்திருக்கிறார். ஊரில் கை காட்டியவர்களில் பாதிப் பேர் அன்று குழந்தைகள்தானே? பட்டியல் மொத்தமும் போச்சு. போகட்டும், திரும்ப அளக்கலாம். அக்காவுக்கு அறை கிடைத்துவிடும்!

ஓட்டமும் நடையுமாகப் போனார். எதிர்வீட்டு ஆறு வயதுச் சின்னப் பெண்ணை நிறுத்தி அளந்தார். கழுத்து தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர்.

"அக்கா, மஞ்சள்தான்! நீ கட்டிக்கலாம்."

மூச்சு வாங்கக் கனவையும் சொன்னார். அக்கா தையல் மெஷினை நிறுத்தினாள்.

"என் மூஞ்சி உனக்கு நேரா இருந்துச்சா?"

"ஆமா. நீ குனிஞ்சிருப்பே."

அக்கா வெகுநேரம் செங்கல் அடுக்கையே பார்த்தாள். அவள் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

"குனியலடா. உன்னை அந்த இரும்புப் பெட்டி மேல நிக்க வெச்சுப் புடிச்சுக்கிட்டிருந்தேன்."

பெட்டி இன்னும் மூலையில்தான் கிடந்தது. உயரம் நாற்பது. தொண்ணூற்றிரண்டும் நாற்பதும் நூற்றி முப்பத்திரண்டு.

"இதை ஏன்க்கா சொன்னே?"

"அந்த ரூம்ல நாலு பொண்ணுங்க உக்காந்து தைக்கப்போறாங்க. நான் எத்தனை பேரைப் பெட்டி மேல ஏத்துறது?"

எழுந்து வந்து சுவரோரம் நிமிர்ந்து நின்றாள். அவர் டேப்பைப் பிடித்தார். அவள் கழுத்தில் நூற்றி முப்பத்திரண்டு.

"அப்போ ஏன் சிரிச்சுக்கிட்டே இருந்தே?"

"நீ என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தியே!"