மிதப்புக் கட்டை தைத்த புத்தகம்

குளோரி என்ற பெயரைச் செசிலி முதன்முதலில் கேட்டது இராஜாக்கமங்கலம் துறைக் கோயிலில், 1950 தை மாதத்து ஞாயிறு பூசையில். சாமியார் கல்யாண ஓலை வாசித்தார். குளச்சலில் வலை முடைகிற ததேயுசின் மகள் குளோரிக்கும் இந்தத் துறை ஞானதாசனுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று. ஞானதாசன் வேறு யாருமில்லை, செசிலியின் புருஷன் மரியஜானுக்குச் சித்தப்பா மகன். வரப்போகிறவள் அடுத்த வீட்டுக்காரி. செசிலி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

அவள் மடியில் எட்டு மாதப் பிள்ளை சகாயம் கிடந்தான். பாட்டுக்கும் அசையவில்லை, மணிக்கும் அசையவில்லை. பூசை முடிந்து வெளியே வந்ததும், இப்படி ஒரு அடக்கமான பிள்ளையைக் கண்டதில்லை என்று பெண்கள் மெச்சினார்கள். செசிலிக்கு மனம் குளிர்ந்தது.

அந்த அடக்கம் எங்கிருந்து வந்ததென்று அங்கே எல்லாருக்கும் தெரியும். கடுகளவு அபின். துறையில் அதற்குக் கறுப்பு என்று பெயர். விடியுமுன் பனையோலைக் கடவத்தில் மீனை ஏற்றித் தலையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக ஓடுகிறவள், பிள்ளையை யாரிடம் விட்டுப் போவாள்? தாய்ப்பாலில் கறுப்பைக் குழைத்து நாக்கில் தடவிவிட்டால் உச்சிவரைக்கும் பிள்ளை தூங்கும். செசிலியின் தாயும் அப்படித்தான் செய்தாள், தாய்க்குத் தாயும் அப்படித்தான். செசிலி குழைத்து வைத்துவிட்டுப் போன பிறகு தடவிவிடுவது மூத்தவள் லூர்துவின் வேலை. அவளுக்கு அப்போது ஆறு வயது.

குளோரி வந்து சேர்ந்தாள். கறுத்து மெலிந்த பெண், பேச்சு குறைவு. கன்னியர் மடத்துத் தையல் பள்ளியில் பூ வேலைக்குப் படம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தவள். ஒரு தாளில் பூவை வரைவாள், கோட்டின்மேல் ஊசியால் துளை துளையாகக் குத்துவாள், தாளைத் துணிமேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த நீலப் பொடியைப் பஞ்சால் ஒற்றுவாள். தாளை எடுத்தால் துணியில் பூ நிற்கும். ஒரு தாளிலிருந்து நூறு துணிக்கு ஒரே பூ.

நான்கு மாதம் ஆகியும் அடுத்த வீட்டுப் பிள்ளை விழித்திருந்து அவள் பார்க்கவில்லை. சகாயத்துக்கு ஒரு வயதும் கடந்தது. தவழவில்லை. கை காலெல்லாம் ஈர்க்குச்சி. வீட்டில் மீனுக்குப் பஞ்சமா என்றால் இல்லை. ஆனால் நல்ல மீனெல்லாம் கடவத்தில் ஏறிப் போய்விடும், பிள்ளைகளுக்கு மரச்சீனிக் கிழங்கும் உப்பும்தான். குளோரிக்கு இளையவனாக ஒரு தம்பி பிறந்து, ஒரு நாள் தூங்கினவன் அப்படியே போய்விட்டான். அவனுக்குக் கறுப்பைத் தடவிக் கொடுத்தது குளோரியின் விரல். இதை அவள் ஞானதாசனிடம்கூடப் பல காலம் கழித்துத்தான் சொன்னாள்.

தாய்மாரிடம் பேசி ஆகாது என்று அவளுக்குத் தெரியும். கறுப்பைத் தடவுகிற சின்ன விரல்களிடம்தான் பேசவேண்டும். அவற்றுக்கு எழுத்துத் தெரியாது. ஆகவே வெள்ளைத் துணியில் ஊசி குத்தின தாளை வைத்து நீலப் பொடியை ஒற்றி, ஆறு பக்கத்துக்கு ஒரு படப் புத்தகம் தைத்தாள். முதல் பக்கத்தில் சிரிக்கிற பிள்ளை. அடுத்து, விரல் நுனியில் கறுப்பு. பிறகு தூங்குகிற பிள்ளை. பிறகு விலா எலும்பு தெரியும் பிள்ளை. ஐந்தாவதில் கஞ்சி, சிறுபயறு, முருங்கைக் கீரை, இரண்டு சாளை மீன். கடைசியில் மணலில் ஓடுகிற கொழுத்த பிள்ளை. துவைத்தால் போகாதபடி கோட்டின்மேல் நூலும் ஓட்டினாள்.

புத்தகத்தை லூர்துவிடம் கொடுத்தாள். அந்த வீட்டில் அதற்குமுன் எந்தப் புத்தகமும் நுழைந்ததில்லை. லூர்து அதைத் தாயிடம் கொண்டுபோக, செசிலி ஈரக் கையைத் துடைத்துவிட்டுக் கைக்கு வந்த பக்கமாகத் திறந்தாள். பின்பக்கம்தான் கைக்கு வந்தது. பிள்ளை கொழுத்து ஓடுகிறான். சாளையும் கீரையும் தின்கிறான். தின்றதும் விலா தெரிய மெலிந்து போகிறான். நல்ல தூக்கம் தூங்குகிறான். ஒரு விரலில் கறுப்பு வருகிறது. பிள்ளை சிரிக்கிறான்.

மறுநாள் கிணற்றடியில் பத்துப் பேர் கேட்கச் செசிலி சொன்னாள்: “ஏட்டி குளோரி, ஒனக்க புத்தகம் நல்ல புத்தகம் கேட்டியா. நான் செய்யது சரின்னுல்லா அது சொல்லுது.”

குளோரிக்குக் குடம் கைநழுவிப் போயிற்று. பெண்கள் சிரித்தார்கள். புத்தகத்தை வாங்கி முன்பக்கத்திலிருந்து காட்டலாமென்று அவள் எண்ணுவதற்குள், மீன் வந்து கடற்கரை அல்லோலகல்லோலப்பட்டது. எல்லாரும் ஓடினார்கள். அடுத்த நாள்களிலும் மீன் ஓயவில்லை, செசிலி கைக்குச் சிக்கவில்லை.

நான்காம் நாள் அது நடந்தது. தூங்கின சகாயம் நேரத்தோடே சிணுங்கினான். சிரிக்கிற பிள்ளை வேண்டுமென்று, புத்தகத்தில் கண்டபடியே லூர்து இன்னொரு கடுகளவு தடவிவிட்டாள். உச்சிக்குச் செசிலி திரும்பி வந்து எழுப்பினாள், எழும்பவில்லை. வாயில் வைத்த முலையைப் பிள்ளை பற்றவில்லை. அவள் போட்ட சத்தத்தில் குளோரி ஓடி வந்தாள். பிள்ளையைப் பறித்துக் கடல் நீரை முகத்தில் தெளித்தாள், உள்ளங்காலில் அடித்தாள், தோளில் போட்டுக் கரை நெடுக நடந்தாள். தூங்க விடவே இல்லை. தம்பிக்குச் செய்யாமல் விட்டதெல்லாம் அன்றைக்குச் செய்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்திமணி அடிக்கும்போது சகாயம் வாய்விட்டு அழுதான். செசிலி பிறகும் மூன்று பெற்றாள். ஆனாலும் அந்த அழுகையைப்போல் இனிய சத்தம் கேட்டதில்லை என்பாள்.

லூர்து மூலையில் ஒடுங்கி நின்றாள். குளோரி அவளைத் தன்னோடு அணைத்துக்கொண்டு, “நீ ஒண்ணும் தப்பா செய்யல்ல மக்கா. நான் தச்சதுதான் தப்பு” என்றாள்.

அன்றே புத்தகத்தின் தையலைப் பிரித்தாள். துறைக்காரருக்கு எது முன், எது பின் என்று எதைக் கண்டால் தெரியும்? வலை முடைகிறவன் மகளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆறு பக்கத்தையும் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒரே நீளத் துணியாகத் தைத்தாள். தலைப்பில் வலைக்குக் கட்டுகிற மிதப்புக் கட்டை இரண்டு, அடியில் ஈயக்குண்டு இரண்டு. கட்டை மேலே, குண்டு கீழே. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் அங்கே பிறந்த பிள்ளைக்கு அது தெரியும். கட்டையைப் பிடித்துத் தூக்கினால் கதை தானாக மேலிருந்து கீழே இறங்கும்.

அதைச் செசிலியின் வாசலில் தொங்கவிட்டாள். செசிலி மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகும் ஒருமுறை பார்த்தாள். அடியிலிருந்த ஈயக்குண்டைக் கையில் பிடித்தபடி கேட்டாள்.

“எல்லாம் சரிட்டி. நான் கடவத்தைத் தூக்கிட்டுப் போனா எனக்க பிள்ளைய யாரு பாப்பா? அதையும் வரஞ்சு தா, பாக்கட்டு.”

குளோரி இரண்டு நாள் தலை குனிந்தபடி திரிந்தாள். மூன்றாம் நாள் விடியற்காலை, செசிலி கடவத்தோடு வெளியே வந்தபோது வாசலில் தொங்கிய துணி நீண்டிருந்தது. ஏழாவதாக ஒரு படம். ஒரு வீட்டு வாசல், வாசலில் உடைந்த துடுப்பு சாத்தியிருக்கிறது, உள்ளே தொட்டில். அந்த உடைந்த துடுப்பு துறையில் ஒரே ஒரு வீட்டு வாசலில்தான் உண்டு. செசிலி அடுத்த வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள். குளோரி கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

முதல் மூன்று நாள் சகாயம் அழுத அழுகை கடலுக்கே கேட்டிருக்கும். கறுப்பு விட்ட உடம்பு அப்படித்தான். செசிலி பாதி வழியில் இரண்டுமுறை திரும்பி வந்தாள். இரண்டுமுறையும் குளோரி அவளைத் துரத்திவிட்டாள். ஞானதாசன், கடலில் கிடந்தாலே நிம்மதி என்று முணுமுணுத்துவிட்டு, தானே தொட்டில் கயிற்றைப் பிடித்து ஆட்டினான். ஒரு மாதம் போனதும் பிள்ளை சிறுபயற்றுக் கஞ்சியை உறிஞ்சிக் குடித்தான். ஓணத்துக்குத் தவழ்ந்தான். கிறிஸ்துமசுக்கு எழுந்து நின்றான்.

அடுத்த வருடம் நான்கு பிள்ளைகள் வந்தார்கள், அதற்கடுத்த வருடம் ஒன்பது. குளோரி கூலி கேட்கவில்லை. ஒவ்வொரு தாயும் கடவத்திலிருந்து இரண்டு சாளையை எடுத்து வைத்துவிட்டுத்தான் போகவேண்டும், அதை அவளுடைய பிள்ளையே தின்னும் என்று மட்டும் சொன்னாள். ஊசி குத்தின தாள் கையில் இருந்ததால் நீலப் பொடியை ஒற்றி ஒற்றி, முட்டத்துக்கும் குளச்சலுக்கும்கூடத் துணிப் புத்தகம் போயிற்று. பூப் போட்ட துப்பட்டா தைத்த கை இப்போது சாளை மீன் தைக்கிறது என்று கல்யாண வீடுகளில் கேலி பேசினார்கள். பேசினவர்களின் வாசலிலும் பிற்பாடு மிதப்புக் கட்டை தொங்கிற்று.

“எனக்க மவனை நான் ஒருக்கா பெத்தேன், அவ ஒருக்கா பெத்தா” என்று செசிலி போகிற ஊரெல்லாம் சொல்லுவாள். சகாயத்துக்கு இப்போது ஏழு வயது. துறையில் அவனை ஓடிப் பிடிக்க ஆளில்லை. லூர்து தாளில் ஊசி குத்தப் படித்துவிட்டாள்.

நாஞ்சில் நாடு தமிழ்நாட்டோடு சேர்ந்த இந்த 1956-இல், குளோரி இராஜாக்கமங்கலம் துறையில், கோயிலுக்குத் தெற்கே, உடைந்த துடுப்பு சாத்திய அதே வீட்டில் பதினாறு பிள்ளைகளோடு இருக்கிறாள்.