லட்சுமியின் கூடையில் கை வைத்தேன்

போன கிழமை முழுக்க என் சமையலறை ஜன்னலில் ஒரு சோழி இருந்தது. எங்கள் ஊர்ப் பேச்சில் சோகி. அது என்னுடையதல்ல. உரியவர் எதிர் வீட்டில்தான் இருக்கிறார். கதவைத் தட்டிக் கொடுத்துவிட எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் எனக்கு அந்தக் கதவைத் தட்டப் பயம்.

ஏன் பயம்? சொல்கிறேன்... சிரிக்கக் கூடாது.

நான் இருப்பது நோர்வேயில், வெஸ்ட்லி என்ற புறநகரில். மெட்ரோ அதற்கு மேல் போகாது. வந்த ரயில் அப்படியே திரும்பிவிடும். மகனுக்கு வேலை தூரத்தில், பேர்கன் நகரத்தில். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை அவன் வாசிப்பதில்லை — தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்தத் துணிச்சலில்தான் பாதி விஷயங்களை இங்கே எழுதுகிறேன்.

எதிர் ஃப்ளாட்டில் ஷுக்லாதி. கல்கத்தாக்காரர். பெயர் ஷுக்லா, 'தி' என்றால் அக்கா. கணவர் இறந்துவிட்டார், மகள் வேறு ஊரில். எங்கள் இருவருக்கும் பொது மொழி நோர்வேஜியன். இருவருமே அதைக் கொலை செய்கிறோம். அவர் சொன்னதையெல்லாம் எனக்கு யாழ்ப்பாணத் தமிழில்தான் எழுத வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழக்கம் தொடங்கியது லிஃப்ட்டில். இள வயதில் நான் தமிழில் வாசித்த வங்காள நாவல்கள் கொஞ்சநஞ்சமல்ல. பெயர்கள் மறந்துவிட்டன, கதைகள் மறக்கவில்லை. ஒன்றைச் சொன்னேன். அவன் மழையில் நனைந்து காய்ச்சலில் கிடப்பான். அவள் பக்கத்தில் இருந்து விசிறுவாள். மனதில் உள்ளதை மட்டும் கடைசிவரை சொல்லமாட்டாள்.

"எங்கடை நாவல் எல்லாம் அதுதான்," என்றார் ஷுக்லாதி. "உள்ளுக்கு வாங்கோ. எதெண்டு பாப்பம்."

உள்ளே சுவர் முழுக்கப் புத்தகங்கள். அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு விளையாட்டு. நான் கதையைச் சொல்வேன். அவர் அலமாரியில் தேடி எடுத்து ஒரு பக்கம் உரத்து வாசிப்பார். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். அவருடைய மகளுக்கு வங்காளம் பேச வரும், வாசிக்க வராது. ஆக, அந்த அலமாரிக்கு இந்த நகரத்தில் இருந்த ஒரே விருந்தாளி — எழுத்தே தெரியாத நான்!

அப்படிப் போயிருந்த ஒரு வியாழக்கிழமை. அவர் உள்ளே தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். மூலையில் ஒரு சின்ன லட்சுமி படம். அதன் முன்னே சிவப்புத் துணி மூடிய கூடை. துணி விலகியிருந்தது... உள்ளே சோகி! கை சும்மா இருக்குமா? சிவராத்திரிக்கு விழித்திருக்கத் தாயம் போட்ட கை இது. ஒரு பிடி எடுத்தேன். குலுக்கினேன். மரத்தரையில் எறிந்தேன். எத்தனை மல்லாந்து விழுந்தது என்று குனிந்து பார்க்கிறேன் — வாசலில் ஷுக்லாதி, தட்டும் கையுமாக.

ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தட்டை வைத்துவிட்டு, முழந்தாளிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். சால்வை நுனியால் துடைத்துக் கூடையில் போட்டார்.

"இது லட்சுமியின்ரை காசு," என்றார். அவ்வளவுதான். தேத்தண்ணி குடித்தேன், ருசி தெரியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

காசா? வீட்டுக்கு வந்து தேடி வாசித்தேன். வங்காளத்தில் ஒரு காலத்தில் சந்தைச் சில்லறை சோழிதானாம். மாலைதீவுக் கடலில் எடுத்துக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, அரிசி ஏற்றிக்கொண்டு திரும்புவார்களாம். பெரிய இடங்களுக்கு வெள்ளி நாணயம், ஏழைபாழைகளுக்குச் சோழி. வெள்ளைக்காரன் காலத்தில் அது செல்லாக்காசாகிவிட்டது. ஆனால் இன்றைக்கும் அவர்கள் பணத்தை 'டாக்கா-கோரி' என்றுதான் சொல்கிறார்கள். கோரி என்றால் சோழி. லட்சுமியின் கூடையில் மட்டும் அது இப்போதும் செல்லும்.

அதை எடுத்துத்தான் நான் தாயம் உருட்டியிருக்கிறேன். இது போதாதென்று, சட்டையைக் கழற்றும்போது அதன் கை மடிப்புக்குள்ளிருந்து ஒன்று 'டக்' என்று கீழே விழுந்தது. குலுக்கும்போது உள்ளே போயிருக்க வேண்டும்.

ஹவுகெட்டோவில் இருக்கும் தங்கச்சிக்கு ஃபோன் போட்டேன்.

"சாமிக்கு வைச்ச காசிலை தாயம் போட்டனீங்களோ? அதோடை ஒண்டைக் களவும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறியள்."

"களவெடுக்கேல்லையடி."

"அது அவவுக்குத் தெரியுமோ? பேசாமல் அவவின்ரை தபால் பெட்டிக்குள்ளை போட்டிட்டு இருங்கோ அக்கா."

நல்ல யோசனைதான். ஆனால் போட்டுவிட்டால், பிறகு அந்தக் கதவைத் தட்ட எனக்கு என்ன சாட்டு இருக்கிறது?

அந்தக் கிழமை நீளமாகப் போனது. கடையில் கார்டைக் காட்டினால் ஒரு 'பீப்', முடிந்தது. முன்பெல்லாம் மிச்சக்காசு தரும்போது கடைக்காரப் பெண்ணின் விரல் உள்ளங்கையில் படும். ஓட்டை போட்ட ஒரு குரோனர் நாணயத்தோடு அந்தச் சூடும் கொஞ்சம் வரும். இப்போது அதுவும் போய்விட்டது. அந்தக் கிழமை முழுக்க என்னை ஒரு மனிதக் கை தொடவில்லை என்பது புதன்கிழமைதான் உறைத்தது. எதிர் வீட்டுக் கதவும் மூடிவிட்டால் இந்தக் கட்டடத்தில் எனக்கு யார் இருக்கிறார்கள்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

ஜன்னலில் கிடந்த சோகியைப் பார்த்து யோசித்தேன். காசு என்பது என்ன? வாங்குகிறவரும் கொடுக்கிறவரும் ஒன்றாக நம்ப வேண்டும். ஒருத்தர் மட்டும் நம்பினால் வெறும் நத்தைக் கூடு. வாசிக்க ஆளில்லாத புத்தகமும் அப்படித்தானோ... என் பத்தியும்?

வியாழக்கிழமை வந்தது. வருவது வரட்டும் என்று போய்த் தட்டினேன். கதவு உடனே திறந்தது. உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.

"தெரியும்," என்றார் ஷுக்லாதி. "ஒண்டு குறைஞ்சது எனக்கு அண்டைக்கே தெரியும்."

"பிறகேன் வந்து கேக்கேல்லை?"

"கேட்டிருந்தால் வாசலிலை வைச்சே தந்திட்டுக் கதவைச் சாத்தியிருப்பியள்."

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். "ஒரு கிழமையா உங்கடை கதவுச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு இருந்தனான்."

உள்ளே கூட்டிப்போய், சோகியை வாங்கிக் கூடையில் போட்டு, என்னை லட்சுமி படத்துக்கு முன்னால் இருத்தினார். சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய செவ்வந்தியில் ஒன்றைப் பறித்து என் கையில் தந்தார்.

"வியாழக்கிழமையிலை லட்சுமியின்ரை கதை வாசிக்கவேணும். கேக்க ஒரு ஆளாவது இருக்கவேணும். இவ்வளவு நாளும் நானே வாசிச்சு நானே கேட்டனான்."

ராகத்தோடு வாசித்தார். எனக்கு 'லொக்கி, லொக்கி' என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. லட்சுமியை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பூவைப் பிடித்தபடி முடியும் வரைக்கும் கேட்டேன்.

புறப்படும்போது அவர் கூடையிலிருந்து ஒரு சோழியை எடுத்தார். என் உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் தன் கையாலேயே மூடிவிட்டார். கை சூடாக இருந்தது.

எனக்குத் திடுக்கிட்டது. எங்களுக்கு வெள்ளிக்கிழமை எப்படியோ அவர்களுக்கு வியாழக்கிழமை அப்படி. "இண்டைக்குக் காசு வெளியிலை குடுக்கக் கூடாதல்லோ?"

"காசு குடுக்கக் கூடாதுதான்," என்றார். "விளையாட்டுச் சாமான் குடுக்கலாம். அடுத்த வியாழன் திருப்பிக் கொண்டுவாங்கோ."

வீட்டுக் கடனெல்லாம் கட்டி முடித்த வயதில் புதிதாக ஒரு கடன். இதைக் கட்டி முடிக்கிற எண்ணமே எனக்கில்லை.