பத்து மணித் தலைவலி

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். மாட்டுங்காவில் ஒற்றை அறை ஜாகை. கல்யாணமாகி ஆறு மாதம். அந்த மழைக்காலத்தில் ஜலதோஷம் பிடித்தது. தும்மலும் தொண்டை வலியும் நான்கு நாளில் போய்விட்டன. மூக்கடைப்பும் தலைவலியும் மட்டும் போகாமல் தங்கிவிட்டன.

அந்த வலி வந்த விதம்தான் வினோதம். காலையில் எழும்போது இருக்காது. ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்ததும் வலப்புருவத்துக்கு மேலே ஆரம்பிக்கும். பன்னிரண்டு மணிக்குக் கண்ணைத் திறக்க முடியாது. மூன்றுக்கு மேல் தானாக இறங்கிவிடும்.

இரண்டு முறை அரைநாள் லீவு வாங்கினேன். மூன்றாம் முறை ஹெட்கிளார்க் பேனாவைக் கீழே வைத்தார்.

"பத்து மணிக்கு வந்து மூணு மணிக்குப் போறதா? ஆபீஸ் டைம் தெரிஞ்ச தலைவலியா இருக்கே, ஓய்."

டாக்டர் சர்ட்டிபிகேட் இல்லாமல் இனி லீவு இல்லை என்றார். எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்தது. அந்த வேலை பிடிக்கவில்லை என்பது உண்மை. மனசே வலியை வரவழைக்கிறதோ? வீட்டில் மனைவியும் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மாலையில் தலை எப்படி என்று கேட்பாள். தேவலை என்றால் அடுப்புப் பக்கம் திரும்பிவிடுவாள்.

டாக்டரிடம் அவளும் வந்தாள். அவர் ஜுரம் பார்த்தார், மார்பில் குழாய் வைத்தார், கழுத்தை மடக்கச் சொன்னார். புருவத்துக்கு மேல் விரலால் தட்டியபோது துள்ளிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் வருமா என்று கேட்டார். வரும் என்றேன். எனக்கே அது பொய்போலக் கேட்டது.

"வர்றது," என்றாள் மனைவி. "ரெண்டு ஞாயித்துக்கிழமையும் பாத்துண்டே இருந்தேன். பத்தரைக்கெல்லாம் புருவத்தைப் பிடிச்சுக்கறார். அசந்து தூங்கறச்சேயும் முகம் சுளிக்கறது."

புருவத்துக்குப் பின்னால் எலும்பில் ஒரு பொந்து உண்டு, அதில் சளி அடைத்திருக்கிறது, எழுந்து நடமாடிய பிறகு மெல்ல வடிவதால்தான் மத்தியானத்துக்கு மேல் குறைகிறது என்று டாக்டர் விளக்கினார். வெந்நீர் ஆவியும் மூக்குக்குச் சொட்டு மருந்தும் சொல்லி, சர்ட்டிபிகேட்டும் எழுதினார். கடும் ஜுரமோ வாந்தியோ வந்தாலும், கண் வீங்கினாலும், கழுத்து விறைத்தாலும் உடனே வரவேண்டும் என்றார்.

திரும்பும் வழியில், ஏன் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன்.

"ஆபீஸ் போகப் பிடிக்காமச் சொல்றேளோன்னு நெனச்சேன்," என்றாள்.

வலித்தது. ஆனால் அவள் நம்பியிருந்தால் எனக்குச் சாட்சி இருந்திருக்காது.

ஹெட்கிளார்க் சர்ட்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜைக்குள் போட்டுக்கொண்டார். தினமும் மூன்று வேளை ஆவி பிடித்தேன். கட்டில் விளிம்பில் தலையைத் தொங்கவிட்டால் மனைவி சொட்டு மருந்து விடுவாள். ஒன்பதாம் நாள் மஞ்சள் சளி நிறைய வந்து, தலை லேசாயிற்று. வலி நின்றுவிட்டது என்றேன். அவள் கட்டைவிரலால் என் புருவத்துக்கு மேலே அழுத்தி, முகத்தையே உற்றுப் பார்த்தாள்.